கந்தகன் செத்த பக்கம்

கந்தகன் விழுந்துகொண்டிருக்கிறான், எத்தனையாவது மாடியிலிருந்து என்று தெரியாத அத்தனை உயரத்திலிருந்து, மஞ்சள் அங்கி தலைக்குமேல் படபடக்க, ஒரு கை மட்டும் மேலே நீண்டிருக்க, கீழே நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டே வருகின்றன, வசனம் இல்லை, சத்தத்தைக் காட்டும் எழுத்துகள்கூட இல்லை, பக்கம் முழுக்க ஒரே சித்திரம், முகமூடி தனியாகக் கழன்று காற்றில் மிதக்கிறது, இத்தனை வருடமாய்ப் படிக்கிற நமக்கு முதன்முறையாக அவன் முகம் தெரிகிறது, அழுதிருக்கிறான், இதை நான் எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னேன், அவர் தட்டைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார், அடேங்கப்பா, செத்தே போயிட்டானா புள்ள என்றார், செத்தே போயிட்டானுங்க என்றேன், அப்படி ஒரு பக்கமே அந்தப் புத்தகத்தில் இல்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், தெய்வசிகாமணி, கோபியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், அது ஊருக்கு, உலகத்துக்கு அவர் சித்திர சிகாமணி, மாதாமாதம் வருகிற சூப்பர் ஹீரோ புத்தகம், விண்வெளிப் புத்தகம் எல்லாவற்றையும் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் யூடியூபில் நேரலையாகப் பேசுகிறவர், மாடி அறையில் பச்சைத் துணி கட்டி, வட்ட விளக்கு போட்டு, வணக்கம் சித்திரச் சொந்தங்களே என்று அவர் ஆரம்பித்தால் போதும், பல்லடம் அங்கமுத்து கமெண்டில் முதல் ஆளாய் வந்து விழுவார், அண்ணே உங்க பார்வையே தனி, அவருக்குப் பின்னால் தாரமங்கலத்துக்காரர், அவருக்குப் பின்னால் துபாயில் இருக்கும் ஒருவர், எல்லோருக்கும் அந்தப் பார்வை வேண்டும், அந்தப் பார்வையோ கீழே அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறது, கண்ணில் தண்ணீர் வேறு.

ஈரோடு புத்தகத் திருவிழாவில்தான் அவரை முதலில் பார்த்தேன், அரங்குக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஆண்கள் வட்டமாய் நின்று அந்த மாதத்துப் புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், உப்புக்கோள் என்று ஒரு விண்வெளிக் கதை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கிரகத்தில் மாட்டிக்கொண்ட கூட்டம், கப்பல் நன்றாக வரைந்திருக்கிறான் என்கிறார் ஒருவர், துப்பாக்கி நன்றாக இல்லை என்கிறார் இன்னொருவர், அப்பாவுடன் போயிருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இருந்தேனா, தண்ணியே இல்லாத ஊர்ல அத்தன பேரும் சவரம் பண்ணிப் பளபளன்னு நிக்கறாங்களே, எந்தத் தண்ணியிலங்க பண்ணுனாங்க என்று கேட்டுவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், பொம்பளப் புள்ள எதப் பார்க்குது பாரு என்றார் ஒருவர், சிரிக்காத ஒரே ஆள் இவர், குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, ஈரம் போனதா என்று பார்த்துவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஆமாங்க, இத நான் பார்க்கவே இல்லீங்க என்றார், அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன், வேறு எதற்காகவும் இல்லை, கடையும் அப்போது வாடகைக் கடைதான், விரல் இடுக்கில் எப்போதும் வார்னிஷ் கறை.

கல்யாணமாகி முதல் பார்சல் வந்த நாள் இன்றைக்கும் இந்தக் கட்டிலில்தான் நடக்கிறது, பிளேடால் பழத்தோல் சீவுகிற மாதிரி ஒட்டுத்தாளைக் கீறுகிறார், ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு, புத்தகம் சேர்க்கிற எங்கள் ஆட்களின் வழக்கம் அது, ஒன்று வாசிக்க, ஒன்று வைத்துக்கொள்ள, வைத்துக்கொள்வது பிரிக்காமல் பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்குப் போகும், வாசிப்பது எங்கள் மடிக்கு வரும், இடப்பக்கம் என் தொடையில், வலப்பக்கம் அவர் தொடையில், தலையோடு தலை முட்டிக்கொண்டு படிக்கிறோம், அவர் வேகம், நான் மெதுவு, படத்தின் மூலையில் ஒரு பூனை இருந்தால்கூட அதைப் பார்க்காமல் நகர மாட்டேன், முடிச்சிட்டியா புள்ள, இருங்க, முடிச்சிட்டியா, அட இருங்கன்னா, அவர் பக்கத்தின் ஓரத்தை விரலில் பிடித்தபடி காத்திருப்பார், பூனை எங்கே என்று கேட்டு அதையும் பார்ப்பார், அந்தக் காத்திருப்பில் எனக்கு அந்த மனிதன்மேல் உயிரே இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரே இருந்தது.

அப்புறம் எப்போது பக்கத்தை விட்டார், தெரியவில்லை, ஒரே நாளில் விடவில்லை, ஒரு கோடையில் ஆழ்குழாய் மோட்டாராய் வந்து குவிந்தது, படிக்க நேரமில்லை, நேரலைக்கு மட்டும் நேரம் வந்துவிட்டது, கதைய மட்டும் சொல்லு புள்ள, சமாளிச்சுக்கறேன் என்றார், சொன்னேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன், அன்றைக்கு நேரலையில் என்ற வீட்டம்மா சொன்னாங்க என்றுதான் ஆரம்பித்தார், அதற்குள் கமெண்டில் வந்து விழுந்துவிட்டது, அண்ணே இது அண்ணி விமர்சனமா, அண்ணே ரிமோட் யார் கையில, அதற்கு அடுத்த மாதம் அந்த வீட்டம்மா காணாமல் போனாள், நான் என்ன நெனைக்கறேன்னா என்று வந்தது, அந்த நான் யார், நான்தான், எந்த நான் என்று எனக்கே குழம்புகிறது, இப்போது வருகிற கதைகளில் இப்படித்தான், இந்த உலகத்துக் கந்தகன் செத்தால் பக்கத்து உலகத்துக் கந்தகன் வந்துவிடுகிறான், ஒரே முகம், ஒரே அங்கி, யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, ஒருநாள் எரிச்சலில் சொன்னேன், இவங்க கதையில சாவுக்கே மரியாத இல்ல, அப்பறம் வீரத்துக்கு என்னங்க மரியாத என்று, நான் சொன்னது புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, அது வந்து நின்றது பனியனில், வாசகர் சந்திப்புக்காக அங்கமுத்து அச்சடித்த பனியனில், கொட்டை எழுத்தில் அந்த வாக்கியம், கீழே சித்திர சிகாமணி, அந்தப் பனியனைத் துவைக்க என்னிடமே போட்டார், சாயம் போகும், தனியா அலசு என்றார்.

கேட்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள், கேட்டேன், என்ற பேர ஒருக்கா சொன்னா என்னங்க, நாக்கா தேஞ்சு போகும், ஏம்புள்ள, நீ வேற நான் வேறயா என்றார், அன்பாகத்தான் சொன்னார், அதற்கு என்ன பதில் இருக்கிறது, வேறுதான் என்று சொன்னால் நான் கெட்டவள், வேறு இல்லை என்றால் நான் யாருமில்லை, போய் அடுப்பைப் பார்த்தேன்.

இந்த மாதம் கந்தகன் வந்தான், பார்சலை நானே பிரித்தேன், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் மதியம் ஆள் வராத நேரத்தில், வருகைப் பதிவேடுகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன், சண்டை புத்தகத்தின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, வில்லன் ஓடிவிட்டான், நகரம் பிழைத்தது, ஜனங்கள் கைதட்டினார்கள், என்னடா இது, இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பினால் கந்தகனின் வீடு, அவன் முகமூடியோடே தூங்குகிறான், ஓவியன் குறட்டையைக்கூட வரைந்திருக்கிறான், அவன் பெண்டாட்டி, இத்தனை வருடத்தில் கதவைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வேலையே கொடுக்கப்படாதவள், கிழிந்த அங்கியை மடியில் போட்டு ஊசியில் நூல் கோர்க்கிறாள், நூல் கோணிக்கொண்டு போகிறது, எச்சில் தொட்டுக் கோர்க்கிறாள், தோட்டா துளைத்த இடத்தை, நெருப்பு பட்ட இடத்தை, பக்கம் பக்கமாகத் தைக்கிறாள், வசனமே இல்லை, கடைசிக் கட்டத்தில் ஓரத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள், அந்தத் தையல் அவள் கைவாகு, உள்பக்கத்தில், வெளியே தெரியாது, நகரத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, நான் ஆபீசில் உட்கார்ந்து அழுதேன், என்ன மேடம் உடம்பு சரியில்லையா என்று பியூன் கேட்கிற அளவுக்கு அழுதேன், இதை வரைந்தவன் எந்த ஊர்க்காரனோ, என் வீட்டு அடுப்படியை எங்கே நின்று பார்த்தானோ, அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதைக் கொடுக்க மாட்டேன், இத்தனை நாள் எடுத்துக்கொண்டதெல்லாம் போகட்டும், இவளை மட்டும் அந்தப் பச்சைத் துணிக்கு முன்னால் அவர் வாயிலிருந்து வர விடமாட்டேன், அதனால்தான் கந்தகனை மாடியிலிருந்து தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாடியிலிருந்து அவர் குரல், கீழே என் போனிலும் அதே குரல் கொஞ்சம் பிந்தி, சொந்தங்களே, அந்தப் பக்கத்தத் திருப்புனப்ப என்ற கை நடுங்குச்சு, முகமூடி கழண்டு போகுதுங்க, அந்த முகத்துல கண்ணீர், குரல் உடைகிறது, நிஜமாகவே உடைகிறது, படிக்காத பக்கத்துக்கு அழுகிறார் மனுஷன், இதோ இப்போது ஒருத்தர் வருவார், அண்ணே என்ன சொல்றீங்க, கந்தகன் எங்க செத்தான், அந்தம்மா துணி தைக்குமே, அதப் பார்க்கலையா என்பார், அவர் யாராக இருந்தாலும் எனக்குக் கூடப்பிறந்தவர், அந்த ஒரு ஆளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், வந்தது, அங்கமுத்து, அண்ணே அந்த முகத்தப் பார்த்துட்டு ரெண்டு நாள் தூக்கமே இல்ல, தாரமங்கலத்துக்காரர், அணையும் விளக்குகள் செம குறியீடு, துபாய்க்காரர், நானும் அழுதேன் நண்பா, என் மனைவி பயந்துவிட்டாள், அடப்பாவிகளா, ஒருத்தன்கூடவா பிரித்துப் படிக்கவில்லை, நான் தோசைக்கல்லில் வரைந்த பக்கத்தைப் பார்த்து இத்தனை பேர் அழுகிறார்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது, உறை பிரிக்காமல், முதுகு மடங்காமல், அலமாரியில் வரிசையாக நிற்கிற போட்டோவை அவர்களே போடுகிறார்கள், வாசிக்கிற பிரதி வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள், வைத்துக்கொள்கிற பிரதி மட்டும்தான், இதெல்லாம் எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை.

பொறுக்க முடியாமல் எழுதினேன், பள்ளிக்கூட வேலைக்காக எப்போதோ தொடங்கிய கணக்கு, என் பெயர்கூட அதில் இல்லை, எழுத்தும் எண்ணுமாய் ஏதோ ஒன்று, பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பொம்மைப் படம், இந்தப் புத்தகத்தில் கந்தகன் சாகவில்லை, தூங்குகிறான், அவன் மனைவி அங்கியைத் தைக்கிறாள், கதையே அதுதான், தயவுசெய்து பிரித்துப் பாருங்கள் என்று எழுதினேன், உடனே அங்கமுத்து வந்தார், சகோதரி முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக, அவர் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம், சானல்காரர் போட்டது, என் வீட்டுக்காரர் போட்டது.

மதியம் சாப்பிட வந்தார், நல்ல குஷி, கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படித்துக்காட்டினார், இதக் கேளு புள்ள, எவளோ ஒருத்தி வந்து எழுதியிருக்கறா, கந்தகன் பொண்டாட்டி துணி தைக்கறாளாமா, சூப்பர் ஹீரோ புக்குல தையல் கிளாஸ் நடத்தறாளாமா, புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார், நான் அடுத்த கரண்டியை ஊற்றாமல் நின்றேன், அந்தப் பொம்பள நாந்தானுங்க என்றேன், அவ தைக்கறது நெசம், கந்தகன் சாகல, நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன், புத்தகம் அந்த மேசமேல இருக்குது, எடுத்துப் பாருங்க.

சோற்றில் அவர் கை நின்றது, என் முகத்தையே பார்த்தார், அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மரத்தடிக்குப் போய்விட்டேன், இதோ எழுந்துபோய்க் கையைக் கழுவுவார், துடைப்பார், பக்கத்தைத் திருப்புவார், இத நான் பார்க்கவே இல்லையே புள்ள என்பார், திட்டினால்கூடப் பரவாயில்லை, எதுக்குடி பொய் சொன்ன என்று தட்டை விசிறியடித்தால்கூடப் பரவாயில்லை, பார்த்துவிட்டு அடிக்கட்டும், அவர் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார், வேற யாருக்காச்சும் சொன்னியா, இல்லீங்க, அப்ப அத உடனே அழிச்சுரு, எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டுட்டான்னா இத்தன வருசம் கட்டுன பேரு என்னாகறது, அழிக்க மாட்டனுங்க என்றேன், சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அவர் வாதாடவில்லை, வலது கை சோற்றில் இருந்ததால் இடது கையை நீட்டிப் போனை எடுத்தார், பெருவிரலால் தேடினார், என் வாக்கியத்தை அழுத்திப் பிடித்து அழித்தார், நல்லவேள, யாரும் அதப் பெருசா எடுத்துக்கல, குழம்பு ஊத்து என்றார்.