ஹம் என்றால் எத்தனை பேர்

தபால்பெட்டியின் வாய்க்குள் அக்ஷயாவின் இரண்டு விரல்கள் சிக்கிக்கொண்டன. நகம் கடித உறையைத் தொட்டது. தொட்டதும் உறை இன்னும் உள்ளே சரிந்தது.

"இழுக்காதையும், தோல் உரியப்போகுது," என்றாள் தர்மினி. அலுவலகத்திலிருந்து காரில் கூட்டிவந்தவள். வாசற்கதவைக் காலால் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றாள். "பஸ் எத்தினை மணிக்கு?"

"நாலு நாப்பது."

"இப்ப நாலு இருபத்தொண்டு."

லில்லெஸ்ட்ரோம் நகரில் ஒரு குடியிருப்பின் நுழைவறை. சுவரில் வரிசையாகப் பெட்டிகள். அக்ஷயா கைவிட்டிருந்த பெட்டியில் மனோஜ் திரிபாதி, குசும்லதா திரிபாதி என்று இரண்டு பெயர்கள். சாவியோ ஒன்றுதான், அது பக்கத்து ஊர் ஸ்ட்ரோம்மனில் வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் மனோஜின் சட்டைப்பையில். உறைக்குள் அக்ஷயாவின் ஆராய்ச்சிக் குழு அனுப்பிய படிவம்: 'உங்கள் மனைவியின் கர்ப்பம் குறித்துக் கணவருக்கு ஐந்து கேள்விகள்.' மனைவி கர்ப்பம் என்பதே மனோஜுக்கு இன்னும் தெரியாது.

விரல்களை உருவிக்கொண்டாள். வலியைவிட எரிச்சல்தான் அதிகம். குழந்தை வேண்டும் என்று எண்ணித்தான் கருவுற்றீர்களா என்று கேட்கும் ஆங்கிலக் கேள்வித்தாளை இந்திக்குக் கொண்டுவந்து, அதே பொருள்தான் போய்ச் சேர்கிறதா என்று பெண்களிடம் கேட்டுச் சரிபார்க்கும் வேலை. மூன்று மாதமாக இதே பாடு. 'எண்ணினீர்களா' என்றால் 'பகவான் கொடுத்தார்' என்றார்கள். 'தள்ளிப்போட நினைத்தீர்களா' என்றால் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார்கள். தயங்காமல் பதில் வந்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். குழந்தையைப் பற்றி நீங்களும் கணவரும் பேசி முடிவெடுத்தீர்களா என்று கேட்டதும், 'ஹம் தய கர் லியே தே' என்றாள் குசும்லதா. நாங்கள் முடிவு செய்திருந்தோம். அக்ஷயா 'இருவரும்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்த வீடுகளுக்கு மட்டும்தான் கணவர் படிவம் போகும்.

"அவங்க சொன்னதைத்தான்க்கா போட்டேன். கணவருக்குப் படிவம் வந்திருக்கும்னு சொன்னதும், என்னமோ நான் கோள் மூட்டின மாதிரி போன்ல கத்துறாங்க."

லிப்ட் திறந்தது. வீட்டுச் செருப்போடு குசும்லதா வந்தாள். கையில் ரொட்டி சுடும் நீள இடுக்கி. அக்ஷயாவைத் தோளால் ஒதுக்கிவிட்டு, இடுக்கியைப் பெட்டிக்குள் விட்டுத் துழாவினாள்.

அக்ஷயாவால் பொறுக்க முடியவில்லை. "இரண்டு பேரும் முடிவு செய்தோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள்.

குசும்லதா துழாவுவதை நிறுத்தவில்லை. அவளும் இந்தியில்தான் சொன்னாள்: "எப்போது சொன்னேன்? வீடு வாங்கின பிறகுதான் குழந்தை என்கிறார் அவர். மாத்திரையை நிறுத்தியது ஹம். முடிவு செய்தது ஹம்." இடது கைக் கட்டைவிரலால் தன் மார்பில் இரண்டு முறை குத்திக் காட்டினாள். "ஹம் என்றால் ஹம்தான். வேறு யார்? ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து நானே சொல்வதாக இருந்தேன். உங்கள் காகிதம் யார் அதைச் சொல்ல?"

அக்ஷயாவின் முகம் வெளிறியது.

"என்னவாம்?" என்றாள் தர்மினி.

"புத்தகத்துல 'ஹம்'னா 'நாங்க'. இவங்க ஊர்ப் பக்கம் 'நான்'னு சொல்றதுக்கே 'ஹம்'தானாம்."

"ஹிந்தியில எட்டுச் சோதினை பாஸ் பண்ணினனான் எண்டு சொன்னனீர். ஒண்டிலயும் இது வரேல்லையோ?"

நாலு முப்பத்தாறுக்கு இடுக்கியின் நுனியில் உறை வெளியே வந்தது. ஒரு மூலை கிழிந்திருந்தது. குசும்லதா அதை நாலாக மடித்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.

"சரி, முடிஞ்சுது. வாரும்," என்றாள் தர்மினி. தெருமுனையில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

அக்ஷயா நகரவில்லை. குசும்லதாவின் பக்கம் கையை நீட்டி, அந்த இடுக்கியை இன்று ஒருநாள் இரவல் தர முடியுமா என்று இந்தியில் கேட்டாள்.

"உது என்னத்துக்கு?"

"ஆய்வுக்கு மத்தவங்களையும் இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க, எல்லாம் இவங்க ஊர்க்காரங்க. எல்லாரும் இதே 'ஹம்'தான் சொன்னாங்க." அக்ஷயா இடுக்கியை வாங்கிக்கொண்டாள். "பத்தொன்பது கவர்க்கா. ஒரே நாள்ல போஸ்ட் பண்ணேன். ஹொல்ம்லியாவுல மட்டும் ஆறு."