ஒரு இன்ச் குறைச்சல்

அவள் கதவை அலமாரியில் பொருத்திப் பார்த்தாள். மேலே ஒரு இன்ச் இடைவெளி, ஈயென்று இளித்தது. மூன்று மாதமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரே அறுப்பில் போச்சு.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டேப்பால் வந்த வினை. அதன் நுனி எப்போதோ உடைந்துவிட்டது. ஒன்றாம் நம்பரிலிருந்து வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்த ஒன்றைக் கூட்டிக் குறிக்க மறந்தால் பலகை குட்டை. ஆட்கள் யாராவது புதுசு வாங்கச் சொன்னால், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பார் மேஸ்திரி. அவரே அதில் வழுக்கி விழுந்தவர்தான். சாட்சி சுவரில் தொங்குகிறது.

அந்தத் தச்சுப் பட்டறையில் அப்படி ஒரு வழக்கம். யார் தப்பாக அறுத்தாலும் அந்தத் துண்டைச் சுவரில் அறைந்து, அவனுடைய பட்டப்பெயரைப் பென்சிலால் எழுதிவிடுவார்கள். மேஸ்திரி ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். அப்புறம் டீ வரும். திட்டு வாங்கியவனுக்குத்தான் முதல் கிளாஸ். 'அவசரம்', 'தூங்குமூஞ்சி' என்று எல்லாரும் அந்தச் சுவரில் இருந்தார்கள். அவள் மட்டும் இல்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள்தான். "இங்க ஆணு பொண்ணுங்கற பேதமே கிடையாதும்மா, எல்லாரும் ஈக்வல்" என்று முதல் நாளே மேஸ்திரி சொன்னார். சொன்ன கையோடு அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. மற்றவர்கள் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். கனமாக எதையாவது தூக்கப் போனால், "விடுங்க மேடம், நாங்க எதுக்கு இருக்கோம்?" அவள் தலையைக் கண்டால் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுபோகும். ஈக்வல் என்று அவர்கள் வாய்க்கு வாய் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஏதோ ஒன்று கூடுதலாகக் கிடைத்தது, வேறு ஏதோ ஒன்று கைநழுவிப் போனது.

"உனக்கென்னடி, ராஜ உபசாரம்!" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

"உபசாரம் விருந்தாளிக்கு. விருந்தாளின்னா என்னிக்காவது கிளம்பணுமே" என்பாள் அவள். நல்ல மனுஷர்கள்தான். அதனால் யாரோடு சண்டை போடுவது என்றும் தெரியவில்லை.

மேஸ்திரி வந்து இடைவெளியைப் பார்த்தார். முகம் சிவந்தது, வாய் திறந்தது. அவள் தயாராக நின்றாள். ஆனால் மனுஷர் அப்படியே விழுங்கிவிட்டார்.

"பரவாயில்லம்மா. நானே வேற அறுத்துக்கறேன்" என்று சொல்லி, பலகையை ஒரு சாக்கால் மூடினார்.

நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மேஸ்திரி, என்னைத் திட்ட மாட்டீங்களா?"

"உங்களைப் போய் எப்படிம்மா..."

"நேத்து அவசரம் அரை இன்ச் விட்டதுக்கு அவன் ஏழு தலைமுறையையும் இழுத்தீங்க. நான் முழுசா ஒரு இன்ச் விட்டிருக்கேன். என் தலைமுறை என்ன பாவம் பண்ணுச்சு?"

ரம்பச் சத்தம் நின்றது. தூங்குமூஞ்சி மூக்கால் சிரித்தான். மேஸ்திரி அவளையே பார்த்தார். பிறகு சாக்கை உருவி எறிந்தார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? டேப்பு உடைஞ்சிருக்கு, உடைஞ்சிருக்குன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, மண்டையில ஏறுச்சா? கதவு அறுடான்னா ஜன்னல் அறுத்து வெச்சிருக்கே! பலகை என்ன, வெள்ளத்துல மிதந்து வருதா?"

மூன்று மாத பாக்கியை வட்டியும் முதலுமாகக் கொட்டினார். அவளுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

டீ வந்தது. முதல் கிளாஸ் அவள் கைக்கு வந்தது. நாற்காலியில் யாரோ பசை டப்பாவை வைத்திருந்தார்கள். "தள்ளி உக்காருடா" என்று அவசரத்தை இடித்துக்கொண்டு பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். சொல்லிக்கொண்டிருந்த சிரிப்புக் கதையை அவன் நிறுத்தாமல் தொடர்ந்தான்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குட்டைப் பலகையில் 'ஒத்த இன்ச்சு' என்று எழுதினார் மேஸ்திரி. அவருடைய துண்டுக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அவளே எக்கி நின்று ஆணி அடித்தாள். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அதையாவது நேரா அடிச்சுத் தொலை" என்றார் மேஸ்திரி.