அடித்தொட்டியில் பெயிண்ட் அடித்தவர்கள்

கப்பலின் அடித்தொட்டிக்குள் லான்ஷியாங் மல்லாந்து படுத்து, முகத்துக்கு ஒரு முழம் மேலிருந்த இரும்புத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்த சுன்யான் மூலைமுடுக்குகளில் பிரஷ் விட்டாள். வெளியே, வடசீனாவின் போஹாய் கடலில் பனிக்கட்டி உடையும் மார்ச் மாதக் குளிர். உள்ளே நெடியில் கண் எரிந்தது.

காலையில்தான் மேஸ்திரி கோங் உள்ளே நல்ல காற்று விடும் குழாயைப் பிடுங்கி முன்பக்கத் தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். போர்க்கப்பலைத் தண்ணீரில் இறக்கும் நாளை மேலிடம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. ஆள் கூடியது, குழாய் கூடவில்லை.

"மூச்சு முட்டுதுக்கா. வெளிய போய்ட்டு வரலாம்."

"இந்த ஓரத்த முடிச்சுட்டு வர்றேன். நீ போய்க் குழாயக் கேளு. குடுக்கலேன்னா அந்தாளு மூக்குல ஒரு கோட்டிங் அடிச்சுட்டு வா."

சுன்யான் சிரித்துக்கொண்டே ஏணி ஏறினாள். மேலே குளிர்காற்று சுகமாயிருந்தது. கொஞ்சம் நின்றாள். வெந்நீர் குடித்தாள். கோங்கைக் காணவில்லை. திரும்பி இறங்கியபோது பிரஷ் லான்ஷியாங்கின் நெஞ்சின் மேல் கிடந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன.

கோங் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை. தன் வேனிலேயே ஏற்றினார். வழியில் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "டாக்டர் கேட்டா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறப்ப மயங்கிட்டான்னு சொல்லு."

"ஏன் மேஸ்திரி?"

"ராணுவ ரகசியம்மா. அப்படி ஒரு கப்பலே இன்னும் கெடையாது. இல்லாத கப்பல்ல இவ எப்படி விழுவா? உன் புருஷனும் அங்கதான வெல்டிங் பண்றான்? யோசிச்சுக்க."

டாக்டர் இளம்பெண். படபடவென்று கேட்டார்: "என்ன பெயிண்ட்? மூடின எடமா? எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க?"

பெயிண்டின் பெயர் சுன்யானின் நாக்கு நுனிவரை வந்தது. கதவருகே கோங் நின்றிருந்தார்.

"வீட்டுச் சுவருங்க. ஜன்னலெல்லாம் தெறந்துதான் இருந்துச்சு."

டாக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாதமாயிருக்கும் என்று அந்த வழியில் வைத்தியம் தொடங்கினார்.

லான்ஷியாங் பிழைத்தாள். ஆனால் கைகள் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறியது. வேலையிடத்தில் நடந்தது என்று எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் அவள் கணவன் ஆஸ்பத்திரி நடையில் சுன்யானை நிறுத்தினான்.

"நெஜமாவே ஜன்னல் தெறந்திருந்துச்சா தங்கச்சி?"

சுன்யான் பழப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை ஏறாமலே விட்டாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது வார்டு டிவியில் அதே கப்பல் தெரிந்தது. நாடு முழுவதும் பார்க்க, வண்ண நாடாக்கள் பறக்க, சாம்பல் நிறத்தில் பளபளத்துத் தண்ணீரில் மிதந்தது. நோயாளிகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள்.

"நம்ம ஊர்லயே செஞ்சதாம்! எவ்வளவு பெருசு பாரு!" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. "நீயும் தட்டும்மா!"

லான்ஷியாங் இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒரு உள்ளங்கை மற்றதைக் காற்றில் தேடிக்கொண்டிருந்தது.