செடி மூடிய தண்ணீர்

இடுப்பு இற்றுப்போயிருந்தது. ராத்திரி முழுக்கக் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவன், ஜன்னலில் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கிப் படுத்தான். தூக்கம் மட்டும் வரவில்லை. தலைமாட்டில் மச்சினனின் மீன்தொட்டி. அதன் காற்று மோட்டார் காதுக்குள் ரம்பம் போட்டது.

மச்சினன் குடிபோன புது அறை மாடியில் இருந்தது. இவ்வளவு பாரத்தைத் தளம் தாங்காது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட, தொட்டி அக்கா வீட்டுக்கு வந்தது. வேண்டாமென்று சொல்ல இவனுக்கு வாயில்லை. இடுப்பு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து இவன் பங்கு மூட்டையில் பாதியை, மேஸ்திரி கண்ணில் படாமல், கிடங்கில் கூட வேலை செய்யும் மச்சினன்தான் தூக்குகிறான்.

தொட்டியில் விரல் நீளம்கூட இல்லாத கெளுத்திகள். மீசையால் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒன்று அம்பு மாதிரி மேலே பாயும், மிதக்கும் செடிகளுக்கு நடுவில் ஒரு வாய் காற்றை விழுங்கும், தலைகீழாக மணலுக்கு இறங்கும். முதல் நாள் இவன் பதறியதைப் பார்த்து மச்சினன் சிரித்தான். அதுகளின் சுபாவமே அதுதான், மோட்டாரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

புரண்டான். குப்புறப் படுத்தான். தலையணையைக் காதோடு அழுத்தினான். கடைசியில் கையை நீட்டி சுவிட்சை அணைத்தான். கொஞ்ச நேரம்தானே.

கண் விழித்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. மீன்கள் ஓயாமல் மேலே பாய்ந்துகொண்டிருந்தன. சுபாவம்தானே என்று பார்த்துக்கொண்டே கிடந்தான். அப்புறம்தான் உறைத்தது. ஒன்றுக்கும் காற்று எட்டவில்லை. மிதக்கும் செடிகளை இத்தனை நாளும் ஒதுக்கி வழிவிட்டவை மோட்டாரின் குமிழிகள். அவை நின்றதும் செடிகள் பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டன. மீன்கள் இலையில் முட்டி முட்டித் திரும்பின. இரண்டு, மணலில் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன.

இடுப்பை மறந்து எழுந்து, தோள்வரை கையை விட்டுச் செடியை அள்ளித் தரையில் போட்டான். மோட்டாரைப் போட்டான். செத்த இரண்டையும் காகிதத்தில் சுருட்டித் தெருக்குப்பையில் எறிந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் மச்சினன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்தினான்.

"ரெண்டு குறையுதே மாமா. மோட்டார் ஓடலையா?"

"கரன்ட் போச்சு. நான் தூங்கிட்டேன்."

தையல் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உங்க மாமா தூங்கினா கூரை விழுந்தாலும் தெரியாதுடா" என்றாள்.

மச்சினன் கண்ணாடியில் விரலை வைத்து மிச்சத்தை மறுபடி எண்ணினான். சிரிக்கவில்லை.

"கரன்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. இடுப்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"இன்னைக்கு சிமெண்ட் லோடு. என் பக்கத்துலயே நில்லுங்க, பாத்துக்கலாம்."

அன்றைக்கும் இவன் மூட்டைகளை அவன்தான் சுமந்தான். லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் இவன் பலமுறை சொல்ல வாயெடுத்தான், மூடிக்கொண்டான். மோட்டாரை அணைத்தது நான்தான் என்ற ஒரு சொல் அவனுக்கு இன்னும் பாக்கி.