கதவுக்கும் அண்ணனுக்கும் நடுவே

புத்தகத்தில் வாசகர்களைத் தூக்கிவாரிப்போட்ட படம், கைபேசியில் மட்டும் ஏன் சப்பென்று போகிறது? மூன்று நாளாக ஓவியக்காரிக்கு இதே மண்டைக்குடைச்சல்.

அவள் வரையும் படக்கதையில், செத்துப்போனான் என்று எல்லாரும் அழுது தீர்த்த அண்ணன் திரும்பி வரும் கட்டம் அது. புத்தகத்தில் வலப்பக்கத்தின் கடைசிப் படத்தில் தங்கை தாழ்ப்பாளில் கை வைப்பாள். தாளைப் புரட்டினால் அண்ணன் நிற்பான். இப்போது பதிப்பாளர் அச்சை நிறுத்திவிட்டுத் தொடரைக் கைபேசிக்கு மாற்றியிருந்தார். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கதவோடு கழன்றுகொண்டார்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லேன்னா தொடரை நிறுத்திடலாம்" என்றுவிட்டார் பதிப்பாளர். பத்து வருடமாக வரைந்த கதை, முடிவு தெரியாமலே நின்றுவிடும்.

"அண்ணனை இன்னும் பெருசா வரைங்க, அண்ணி," என்றாள் வசனம் எழுதும் நாத்தனார்.

வரைந்தாள். கீழ்த்தளத்துத் தையல்காரர் இந்தக் கதையைப் படிக்காதவர். அவரிடம் கைபேசியை நீட்டினார்கள். அவர் கதவு வரை வந்து, "ஓ, வந்துட்டானா? நல்லது," என்று கொட்டாவி விட்டார்.

"செத்தவன் வந்து நிக்கிறான், நல்லதாம்! உங்களுக்கு இருக்கிறது நெஞ்சா, இஸ்திரிப் பெட்டியா?" என்று பொரிந்தாள் நாத்தனார்.

"நான் என்னம்மா பண்றது? பொண்ணு தாழ்ப்பாள்ல கை வைக்கும்போதே கீழே அவன் சுருட்டைமுடி எட்டிப் பாக்குதே!"

ஓவியக்காரி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். புத்தகத்தில் அண்ணனை ஒரு தாள் மறைத்தது. இங்கே மறைப்பு ஏது? பழைய பக்கங்களை வெட்டி அடுக்கியபோதும், அளவுகோல் வைத்துப் பழகிய அதே அரைவிரல் இடைவெளியைத்தான் விட்டிருந்தாள். வெற்றிடம் என்றால் காகிதம் வீண் என்று ஊறிப்போன கை.

"அடியே, இங்கே காகிதமே கிடையாது! யாருக்காக இந்தக் கஞ்சத்தனம்?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பிறவிக்குணம் அண்ணி. என் அண்ணனைக் கேளுங்க, கதை கதையா சொல்வாரு," என்று சீண்டினாள் நாத்தனார்.

ஓவியக்காரி சிரித்துக்கொண்டே இரண்டு படங்களையும் விலக்கினாள். நடுவில் வெள்ளை நீண்டது.

"நெட் போச்சுன்னு மூடிட்டுப் போயிடுவாங்க," என்றாள் நாத்தனார்.

அதுவும் நியாயம்தான். கதவிடுக்கின் இருட்டையே கீழ்நோக்கி வழியவிட்டு, இடைவெளி முழுவதையும் கருப்பாக்கினாள்.

இந்த முறை தையல்காரரின் மனைவியிடம் கொடுத்தார்கள். தாழ்ப்பாளில் கை. விரல் தள்ளியது. இருட்டு. விரல் தயங்கி நின்றது. மெல்ல மறுபடி தள்ளியது.

"ஐயையோ!" வெட்டிவைத்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டார். "எந்திரி, அது மாப்பிள்ளை சட்டை!" என்று கணவர் கத்தியது காதில் விழவில்லை. கைபேசியைத் திருப்பித் தராமல் மேற்கொண்டு படித்துக்கொண்டே போனார்.

அன்று மாலையே ஓவியக்காரி பதிப்பாளருக்கு எழுதி அனுப்பினாள்: "தாள் புரளும் நேரத்தைத் திரையில் தூரமாகக் கொடுக்க வேண்டும். கதவுக்கும் அண்ணனுக்கும் நடுவே, ஒரு திரையின் உயரத்தைவிடச் சற்று அதிகமாக இருட்டு விட்டிருக்கிறேன். வேலை செய்கிறது."