நூறு வரை

ஓவியாவும் அர்ஜுனனும் பேசிக்கொள்ள நல்ல வெளிச்சமும் உடையாத படமும் வேண்டும். இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கைகளாலும் முகத்தாலும்தான் பேச்சு. அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினான். அவள் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் ரொட்டி போட்டாள். ஆவணியில் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால்.

அடி அண்ணாமலையில் ஓவியாவின் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நிலையாக நிற்காது. பௌர்ணமி வந்தால் சொல்லவே வேண்டாம்; கிரிவலம் வருகிறவர்கள் அத்தனை பேர் கையிலும் போன் இருக்க, ஒரு மெசேஜ் போய்ச் சேர்வதே பெரிய காரியம். அதனால்தான் ஓவியாவின் அப்பா இராமலிங்கம் வீட்டுக்கே இன்டர்நெட் இழுத்தார்.

இராமலிங்கம் சொந்தமாக ஒரு மினிவேன் வைத்து, கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் கடலை மூட்டை ஏற்றுபவர். மகளோடு அவர் பேசுவது கொஞ்சம். சாப்பிட்டாயா, தூங்கு, வண்டி, பணம், நாளைக்கு என்று இருபது சைகை தெரியும். மற்றதெல்லாம் மனைவி சந்திரகலா வழியாகத்தான். மகளின் பள்ளிக்கூட நாட்களில் வாரத்துக்கு மூன்று நாள் கூடவே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் அவள். அந்த நாட்களில் இவர் லோடு அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குறை அவருக்குள் இருந்தது. மகளுக்கு எதையாவது வாங்கித் தர வேண்டுமென்றால் இரண்டாவது தடவை கேட்க விடமாட்டார்.

முதலில் நாற்பது எம்பிபிஎஸ் வேகத்தில் போட்டார்கள். அவ்வப்போது படம் சிக்கியது. செங்கம் ரோட்டில் மாடியில் இருந்த இன்டர்நெட் கம்பெனி ஆபீசுக்கு இராமலிங்கம் போனார். கவுன்டரில் இருந்த ரேவதி என்ற பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வீடியோ காலுக்கு நாற்பது போதாது, நூறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நோட்டீசில் ‘நூறு’ என்று பெரிதாகவும், பக்கத்தில் ‘வரை’ என்று எறும்பு அளவிலும் போட்டிருந்தது. இராமலிங்கம் பெரிய எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. ஓவியா தன் மனசில் இருந்ததை ஒரே மூச்சாகச் சொன்னாள். உடனே ஓசூருக்கு வர முடியாது. கஃபேயில் மாசி வரைக்கும் சீசன். புளித்த மாவில் ரொட்டி போடுவதை முதலாளியம்மா இப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறார். அதைக் கற்று முடித்துவிட்டு வந்தால் ஓசூரிலேயே சொந்தமாக ஏதாவது செய்யலாம். அதுவரை சனி ஞாயிறு வந்து போகிறேன் என்று சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அர்ஜுனன் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தான். பிறகு ‘சரி’ என்று மட்டும் சைகை காட்டிவிட்டுத் துண்டித்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஓவியா மெசேஜ் எழுதினாள். எழுத்து அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இன்னொரு பாஷை மாதிரி; கையில் ஓடுவது விரலில் எழுதும்போது முறிந்து போகும். “நான் பிறகு வருவேன் வேலை முடிந்து நீ கோபமா” என்று அனுப்பினாள். “கோபம் இல்லை” என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அர்ஜுனனின் அம்மா ஜோதியம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம் என்றாள் சந்திரகலா. இராமலிங்கம் வேண்டாமென்று தடுத்தார்.

“பொண்ணு வூட்டுக்காரங்க நாமளே போய் கேட்டா நல்லா இருக்காது. லைன்ல ஏதோ கோளாறு. அத நான் பாத்துக்கறேன்.”

மறுபடியும் மாடி ஏறினார். இந்தத் தடவை இருநூறு போட்டுக்கொண்டு வந்தார். வரும் வழியில் வேன் லேசாக ஓடுவது போலிருந்தது அவருக்கு. அன்றைக்கு ஏழு மணிக்கு அர்ஜுனன் அழைப்பை எடுத்தான். ஆனால் நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். இரண்டு நிமிஷத்தில், கண் வலிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். ஓவியா சாப்பிடாமல் படுத்தாள்.

அடுத்த நாள் இராமலிங்கம் போட்ட புகாருக்கு லைன்மேன் சுப்பிரமணி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். இடுப்பில் பையும் தோளில் ஏணியுமாக வந்தவர், கம்பத்தில் ஏறி இறங்கினார், மோடத்தில் தன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று முதலில் சொன்னார். அப்போது ஓவியா தன் போனை அவரிடம் நீட்டினாள். அர்ஜுனன் அன்று காலையில் அனுப்பியிருந்த படம் அது. அவன் பக்கத்துத் திரையில் அவள் எப்படித் தெரிகிறாள் என்று காட்டியிருந்தான். முகம் இருந்தது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புத் திட்டுகள்.

சுப்பிரமணி அதை நெடுநேரம் பார்த்தார். இந்தப் பெண் கையால்தான் பேசுவாளா என்று இராமலிங்கத்திடம் கேட்டார். ஆமாம் என்றதும் பையை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னேன்னு ஆபீஸ்ல சொல்லாதீங்க. ரோட்டு மேல இருக்கற பெட்டி வரைக்கும்தான் புது கேபிளு. அங்கேந்து உங்க வூட்டுக்கு வர்றது பழைய செம்பு ஒயரு. நடுவுல அஞ்சு ஜாயின்ட். நீங்க நாப்பது போட்டாலும் சரி, எரநூறு போட்டாலும் சரி, உள்ள வர்றது பதினொண்ணுதான். இங்கேந்து வெளிய போறது ஒண்ணு கூட தேறாது. அந்தப் பையன் படம் உங்களுக்குத் தெரியும். பொண்ணு மெதுவா காட்டினா அவனுக்குக் கொஞ்சம் தெரியும், வேகமா பேசினா ஒண்ணும் தெரியாது.”

“அப்போ மொதல்லேந்தே இப்பிடித்தானா?”

“மொதல்லேந்தே.”

இராமலிங்கம் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர். ஸ்பீடோமீட்டரில் நூற்றி நாற்பது என்று எழுதியிருப்பதைப் பார்த்து அந்த வேகத்தில் போகலாம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. ரோடு எப்படி என்றுதான் பார்ப்பார். இதில் மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் ஆபீசுக்குப் போனார். ரேவதி முன்னூறு வேகத்தைப் பற்றி ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. எங்க வூட்டு ஒயர்ல எவ்ளோ வரும்? அத மட்டும் சொல்லு.”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “இதுல பிளான் பேருதான் வரும் சார். வீட்டுக்கு எவ்ளோ போவுதுன்னு எங்களுக்குக் காட்டாது.” குரலைத் தாழ்த்தி, “யாரும் அப்பிடி கேட்டதில்ல” என்றாள். கத்த வேண்டும் என்று வந்தவருக்குக் கத்த வரவில்லை. புது கேபிள் எப்போது வரும் என்று கேட்டார். கிரிவலப் பாதையைத் தோண்ட அனுமதி கிடைத்த பிறகு என்றாள். அது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சந்திரகலா இல்லை. அண்ணன் வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். ராத்திரிதான் வருவாள். ஓவியா வாசலிலேயே நின்று, என்ன ஆச்சு என்று கேட்டாள். மனைவி வரட்டும் என்று காத்திருக்க அவரால் முடியவில்லை. டீசல் பில் ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் கம்பத்தை வரைந்தார். பெட்டியை வரைந்தார். பெட்டி வரை தடித்த கோடு, அதற்குப் பிறகு மெல்லிய கோடு, அதில் ஐந்து முடிச்சு. மெல்லிய கோட்டைத் தொட்டு ‘பழசு’ என்று காட்ட முயன்றார். அது தப்பு. அவள் சரியாகக் காட்டினாள். அவர் திரும்பச் செய்தார். அவள் கைகளைச் சுட்டி, அர்ஜுனன் பெயருக்கு அவள் வைத்திருந்த சைகையைச் செய்து, கண்ணை மூடிக் காட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை தான் சொன்னதில் எதுவரை போயிருக்கும் என்று அவள் எண்ணிப் பார்ப்பது அவருக்கே தெரிந்தது. ‘முடியாது’ வரைக்கும் போயிருக்கும். பிறகு அவள் நிமிர்ந்து, அவருக்குத் தெரிந்த இருபதில் இரண்டை மட்டும் செய்தாள். நாளைக்கு. வண்டி.

விடிந்ததும் மூன்று பேரும் வேனில் கிளம்பினார்கள். அன்றைக்கு வந்த லோடை வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டார். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போய், ஓசூரில் அர்ஜுனன் வீட்டு முன்னால் நின்றபோது பதினொரு மணி. ஞாயிற்றுக்கிழமை. அவன் வாசல் குழாயில் சட்டையை அலசிக்கொண்டிருந்தான். ஓவியா இறங்குவதைப் பார்த்து, ஈரக் கையோடு அப்படியே நின்றான்.

அவள் அங்கேயே, நல்ல வெயிலில், அன்றைக்குச் சொன்னதை முழுதாகத் திரும்பச் சொன்னாள். இராமலிங்கத்துக்கு அந்த வேகத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் அர்ஜுனனின் முகத்தைப் படிக்க முடிந்தது. இறுக்கமாக இருந்தது, நடுவில் வெட்கமானது, கடைசியில் அவன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். அவனும் நிறையச் சேர்த்து வைத்திருந்தான்.

உள்ளே ஜோதியம்மாள் எல்லோருக்கும் காபி கொடுத்தார். சந்திரகலா நடந்ததைச் சொன்னாள். ஜோதியம்மாள் கேட்டுவிட்டுக் காபித் தட்டைக் கீழே வைத்தார்.

“அவளுக்கு இஷ்டமில்ல போலன்னு சொல்லிட்டு நாலு நாளா சரியா சாப்புடலீங்க எம்புள்ள. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே, சம்பந்தி.”

இராமலிங்கம் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சந்திரகலா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“நானும்தான் பண்ணல” என்றார் ஜோதியம்மாள் தானாகவே. “பொண்ணு வூட்லேந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன்.”

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் பேசி, கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளி வைத்தார்கள். கஃபே சீசன் முடிந்துவிடும் என்பது ஒரு காரணம். மண்டபம் கிடைக்கும் என்பது இன்னொன்று.

அந்த வாரமே இராமலிங்கம் போய் இருபது வேகத்துக்கு இறக்கிக்கொண்டார். ரேவதி மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள். ஏழு மணி வீடியோ கால் இன்றும் தொடர்கிறது. ஓவியா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்துகிறாள். அர்ஜுனன் கட்டை விரலைக் காட்டினால்தான் அடுத்தது. காட்டாவிட்டால் திரும்பச் சொல்கிறாள். ரொட்டி கருகியதையும் மெஷின் ரிப்பேரானதையும் அப்படிச் சொல்லிவிடலாம். எங்கே குடியிருப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதெல்லாம் மாசத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று இராமலிங்கம் லோடு எடுப்பதில்லை. கிருஷ்ணகிரியில் நிறுத்தி மூன்று பேரும் இட்லி சாப்பிடுகிறார்கள். போகும் வழியில் எதிரே வரும் லாரி, மாடு, டோல்கேட் என்று ஒவ்வொன்றாக ஓவியா சைகை செய்து காட்டுகிறாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து அவர் செய்து பார்க்கிறார். ரோட்டைப் பாருங்கள் என்று சந்திரகலா பின்சீட்டிலிருந்து தோளில் தட்டுகிறாள்.