மூச்சு வாங்கியவர்கள்

கிட்ட வாருங்கள் என் தங்கங்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். கண் சொருகினால் சொருகட்டும், கதை காது வழியே போய்ச் சேர்ந்துவிடும். ராஜா கதையும் இல்லை, ராணி கதையும் இல்லை. ஊதச் சொன்ன ஒருத்தியும் ஊதிக் கெட்ட ஒருத்தியும் ஒரே வாசலில் வந்து நின்ற கதை. நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் பொறுக்காதீர்கள்.

விடிகிற நேரம். சுரங்கத்துக்குள் விடிவது எப்போதும் தாமதம்தான். மேலே டவுன்ஷிப் மரங்களின் உச்சியில் வெளிச்சம் விழுந்து, குவார்ட்டர்ஸ் கூரைகளைத் தொட்டு, அப்புறம்தான் பள்ளத்தில் இறங்கும். அதற்கு முன்பே மலர்கொடி கரி சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்துவிட்டாள். தலைக்கு மேல் பழுப்பு நிலக்கரி ஆறாக ஓடுகிறது. ஆறு என்றால் கரையில் சிந்தும். சிந்தியதை வாரி மறுபடியும் பெல்ட்டில் எறிய வேண்டும். எறிந்த கை கீழே வருவதற்குள் அடுத்தது சிந்திக் கிடக்கும். ஈரக்கரி இரும்பாய்க் கனக்கும், காய்ந்த கரி மாவாய்ப் பறக்கும். பறக்காமல் இருக்கத் தண்ணீர் தூவும் குழாய் ஒன்று அங்கே உண்டு. அது கெட்டுப்போய் ஒரு கோடை கழிந்துவிட்டது. சேலைக்கு மேல் ஆண்சட்டை, வாயையும் மூக்கையும் சுற்றி ஒரு துண்டு, அதற்கு மேல் ஹெல்மெட். துண்டு முதல் மணி நேரத்திலேயே கறுத்துவிடும். மீதி ஷிப்டுக்கு அவள் சுவாசிப்பது அந்தக் கறுப்பின் வழியாகத்தான்.

பெல்ட் உருளைகளின் இரைச்சலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. அதனால் அங்கே அவரவர் நிற்கிற இடமே அவரவர் பேர். இடத்துக்கு ஒரு சைகை. பெல்ட் திரும்புகிற கடைசி முனைக்கு டெயில் என்று பேர். அங்கே நிற்பவளைக் கூப்பிடப் புறங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து வால்போல ஆட்டுவார்கள். தலைப்பக்கம் நிற்கும் கொளஞ்சியப்பனைக் கூப்பிடத் தலையில் கை வைப்பார்கள். மலர்கொடி என்ற பேர் ஊரில் அவள் வீட்டாருக்குத் தெரியும். சுரங்கத்தில் அவள் டெயில்.

டீ நேரத்தில் கொளஞ்சியப்பன் வம்புக்கு இழுப்பான். "ஏம்மா டெயிலு, மூஞ்சி எது, முதுகு எதுன்னே தெரியலயே!"

"நீ தலையில கைய வெச்சிகினே பொறந்தவன். நீ பேசாத."

எல்லாரும் சிரிப்பார்கள். மலர்கொடியின் சிரிப்பு மட்டும் கடைசியில் இருமலாக முடியும்.

அவளுக்கு அண்ணன் மகள் ஒருத்தி, இசைப்பிரியா. அப்பன் காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே உள்ளே போய்க் காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே வெளியே வந்தவன். மகள் விடுதியில் தங்கி டாக்டருக்குப் படித்தாள். பிறகு, தூசி நுரையீரலுக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து இன்னொரு டாக்டர் பட்டமும் வாங்கினாள். "ரெண்டு டாக்டரா? எது முன்னாடி, எது பின்னாடி?" என்று கேட்டான் கொளஞ்சியப்பன்.

இரண்டையும் ஒன்றாக்கத்தான் அவள் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியும் நெஞ்சுநோய் வைத்தியப் பயிற்சியும் சேர்ந்த இடம் அது. வாரத்தில் பாதி வார்டு, பாதி ஆய்வுக்கூடம். இருமல் முற்றிய ஊர்க்காரர்களும் அந்த வார்டுக்குத்தான் வருவார்கள். வார்டில் இருந்தால் ஆய்வுக்கூடம் தேடும், ஆய்வுக்கூடத்தில் இருந்தால் வார்டிலிருந்து போன் வரும். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடின நாட்கள் எத்தனையோ. அதுவும் உழைப்புதான் கண்ணுகளா. வெள்ளைக் கோட்டுக்குள் வேர்வை தெரியாது, அவ்வளவுதான். இரண்டு வேலைக்கும் தலைவர் ஒரே பேராசிரியர். மேடைக்கு மேடை அவளை நிறுத்தி, "சுரங்கத் தொழிலாளியின் மகள், என் மாணவி" என்று சொல்லிப் பூரிப்பார். அவளும் அவரைத் தகப்பனுக்கு அடுத்தபடி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மூச்சை அளக்க ஊதுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தொழிலாளர் சங்கக் கொட்டகைக்கு வந்தாள். பெல்ட்டில் நிற்பவர்கள் எல்லாரும் மூச்சு இழுத்து ஊத வேண்டும். பெண்கள் தயங்கினார்கள்.

"ஊதுனா என்னா தெரியும்?" என்று கேட்டாள் மலர்கொடி.

"மூச்சு ஏன் கொறையுதுன்னு தெரியும் அத்தே. தெரிஞ்சாத்தான் கொறைய வைக்கிறத நிறுத்த முடியும்."

"காண்ட்ராக்டர் காதுக்குப் போனா?"

"பேரு போவாது அத்தே. பேர அழிச்சிட்டுத்தான் எடுத்துகினு போவேன். சத்தியம்."

மலர்கொடி பெண்கள் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் பொண்ணு. நம்ம வூட்டுப் பொண்ணு. ஊதுங்கடி, சும்மா."

ஊதினார்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று இசைப்பிரியா கத்துவதைக் கேட்டு, "என்னாடி இது, புள்ள பெறச் சொல்ற மாதிரி சொல்லுது!" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகையே குலுங்கியது. அன்றிலிருந்து சுரங்கத்தில் அவளுக்கும் ஒரு சைகை பிறந்தது. முஷ்டியை வாயில் வைத்து ஊதுவது. அப்படிக் காட்டினால் 'நம்ம டாக்டர்' என்று பொருள்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு காலை, சுரங்கத்து வாசலில் காண்ட்ராக்டர் நல்லசாமி கை நீட்டி மறித்தார்.

"டெயில் பொம்பளைக்கு இன்னிலேருந்து பாஸ் இல்ல."

"ஏங்க?"

"உனக்கு மூச்சு பத்தலம்மா. உள்ள வுழுந்து கெடந்தா கேஸு என் தலையில. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு மூச்சு பத்தலன்னு யாருங்க சொன்னது?"

"உங்க டாக்டரு பொண்ணோட மெஷினு சொல்லிச்சி. அது நான் வாங்கிக் குடுத்த மெஷினும்மா. எனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லும்?"

கொளஞ்சியப்பனுக்கும் பாஸ் இல்லை. இன்னும் நாலைந்து பேரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"தண்ணிக் கொழாய ரிப்பேர் பண்ணுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னம்! அதுக்கு ஆள் அனுப்பல. எங்கள நிறுத்த மட்டும் ஆள் வருதா?"

நல்லசாமி சிரித்தார். "கொழாய்க்குச் செலவாவும். உனக்கு ஒரு வார்த்த போதும்."

அந்த வார்த்தையை அவள் தாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. "வூட்டுப் பொண்ணு, வூட்டுப் பொண்ணுன்னு சொல்லித்தான ஊத வெச்ச?"

மலர்கொடி பஸ் ஏறினாள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போனாள். இசைப்பிரியா பதறி எழுந்தாள்.

"அத்தே! என்னா அத்தே, மூச்சு வாங்குதா?"

"எனக்கு எங்க வாங்குது? நீதான் வாங்கிட்டியே. வாங்கி வித்துட்டியே."

நடந்ததைச் சொன்னாள். இசைப்பிரியா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இல்ல அத்தே. ஒரு பேரு கூட வெக்கல. எந்த எடத்துல தூசி அதிகம்னு பாக்கணும்ல, அதுக்காக நிக்கிற எடம் மட்டுந்தான்…"

சொல்லி வந்தவள் அப்படியே நின்றாள். அவளும் அந்தச் சைகைகளைப் பார்த்து வளர்ந்தவள்தான். அப்பன் சாப்பிடும்போதுகூடத் தங்கச்சியைப் பற்றிப் பேசப் புறங்கையைப் பின்னால் ஆட்டிக் காட்டுவான். எல்லாம் தெரிந்தும், படித்த பழக்கத்தில், பேரை எடுத்துவிட்டு இடத்தை விட்டுவைத்தாள். பேர் இல்லாத இடத்தில் இடம்தான் பேர்.

"இன்னும் எத்தினி பேர ஊத வெக்கப் போற?" என்று கேட்டுவிட்டு மலர்கொடி எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இசைப்பிரியா பேராசிரியரைத் தேடிப் போனாள். அவர் அறையில் ஏசி குளிர்ந்தது. மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"மெஷினுக்கு நல்லசாமி பணம் கொடுத்தார். முடிவைக் கேட்டார், கொடுத்தேன். அதில் பேர் இல்லையேம்மா!"

"எனக்குச் சொல்லலையே சார். அவர் பணம்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை." அவர் குரல் இதமாகவே இருந்தது. "இங்க பாரு. வார்டில் அவங்க உன் நோயாளி. ஆய்வுக்கூடத்தில் அவங்க வெறும் புள்ளி. ரெண்டையும் குழப்பாதே."

"ஒரே ஆள்தான சார்? வார்டுல நாடி பிடிச்சதும் இந்தக் கைதான், அங்க மெஷினப் பிடிச்சதும் இந்தக் கைதான். ரெண்டையும் ஒண்ணாச் சேக்கத்தான என்ன இங்க எடுத்தீங்க?"

அவர் பேனாவை மூடினார். "உன் ஆராய்ச்சிக்கும் என் கையெழுத்து. உன் பயிற்சிக்கும் என் கையெழுத்து. வெளியே போய்ப் பேசினா ரெண்டும் நிக்கும். உன் அப்பா எங்க இருந்து உன்னை இங்க அனுப்பினார்னு நினைச்சிக்கோ."

மேடையில் பெருமையாகச் சொன்ன அதே சங்கதி. இப்போது மிரட்டலாக வந்தது. வராந்தாவுக்கு வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் அவர் தன்னைக் காட்டிக் காட்டித்தான் நல்லசாமி போன்றவர்களிடம் பணம் வாங்கினாரோ என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் நெஞ்சில் கரியாக அடைத்தது.

மறுநாள் சாயங்காலம் சங்கக் கொட்டகைக்குப் போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை. ஒருவன் முஷ்டியை வாயில் வைத்து ஊதிக் காட்டினான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

"தப்பு என்மேலதான். எடத்த எழுதுனா ஆளு தெரியும்னு நான் யோசிச்சிருக்கணும்," என்றாள். "ஆனா நான் கண்டுபிடிச்சது ஒண்ணு, காண்ட்ராக்டரு சொன்னது வேற. தண்ணிக் கொழா ஓடுற எடத்துல நிக்கிறவங்களுக்கு மூச்சு நல்லா இருக்குது. கெட்டுப்போன எடத்துலதான் கொறைஞ்சிருக்குது. கொறை உங்க நுரையீரல்ல ஆரம்பிக்கல. பெல்ட்டுல ஆரம்பிச்சிருக்குது. இத வாசல்ல வந்து என் வாயால சொல்றேன். லேபர் ஆபீஸ்லயும் சொல்றேன். உங்களுக்கு வேணுங்கிறது வைத்தியமும் தூசியில்லாத வேலையும். வெளிய தள்றது இல்ல."

"சொன்னா உன் படிப்பு?" என்றான் கொளஞ்சியப்பன்.

"போவலாம்."

"ரெண்டு டாக்டருமா?"

"ரெண்டும்."

கொளஞ்சியப்பன் பழக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டான். எல்லாரும் மலர்கொடியைப் பார்த்தார்கள். அவள் துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"உன்ன நம்பறனா இல்லயான்னு எனக்கே தெரியல," என்றாள். "அது அப்பறம். மொதல்ல வந்து நில்லு."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு டெயிலு. நாளைக்கு ஊதச் சொன்னா உங்கள்ல யாருக்கு மூச்சு முழுசா இருக்குது? சொல்லுங்க பாப்பம்." எங்கோ ஒரு இருமல் மட்டும் பதில் சொன்னது.

அடுத்த விடியல். கம்பெனி பஸ்கள் வந்து திரும்பிக்கொண்டிருந்தன. பள்ளத்திலிருந்து பெல்ட் இரைச்சல் வாசல்வரை ஏறி வந்தது. நல்லசாமி ஜீப்பை விட்டு இறங்கினார்.

"நிறுத்தின ஆளுங்க ஓரமா போங்க. டெயிலு யாரு? நீதான? தள்ளி நில்லு. மத்தவங்க உள்ள போங்க."

யாரும் நகரவில்லை. கொளஞ்சியப்பன், தலையில் கை வைக்கிறவன், அந்தக் கையை எடுத்து இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஆட்டினான். பக்கத்தில் நின்றவளும் ஆட்டினாள். பாஸ் இருந்தவர்கள், நன்றாக ஊதியவர்கள், முணுமுணுத்தாளே அந்தப் பெண்கூட, ஒவ்வொருவராகப் புறங்கையைப் பின்னால் வைத்தார்கள்.

"என்னாய்யா கூத்து இது? யாருதான் டெயிலு?"

"எல்லாரும் டெயிலுதாங்க," என்றான் கொளஞ்சியப்பன். "எங்கள நிறுத்தணும்னா பெல்ட்ட நிறுத்துங்க."

இசைப்பிரியா வெள்ளைக் கோட்டோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பெல்ட்டில் அவளுக்கு இடம் இல்லை. எந்தச் சைகையைக் காட்டுவாள்? மலர்கொடி அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முஷ்டியை வாயில் வைத்து ஒருமுறை ஊதினாள். அது மன்னிப்பில்லை கண்ணுகளா. அந்த இரைச்சலில் அது அவள் பேர். பேர் என்றால் இடம். இசைப்பிரியா நடந்துபோய் அத்தைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் இவங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர். இந்த ஆராய்ச்சியச் செஞ்சவளும் நான்தான்," என்றாள் நல்லசாமியிடம். "இவங்கள நிறுத்துன்னு அது சொல்லல. தூசிய நிறுத்துன்னு சொல்லிச்சு."

"உங்க பேராசிரியருக்குப் போன் போடவாம்மா?"

"போடுங்க."

கொஞ்ச நேரத்தில் அவள் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. அனல்மின் நிலையப் பக்கமிருந்து சாம்பல் காற்று ஒன்று திரும்பி வீசியது. மலர்கொடி தன் துண்டைப் பாதியாகக் கிழித்தாள். ஒரு பாதியை இசைப்பிரியா கையில் திணித்துவிட்டு நேரே பார்த்து நின்றாள்.

ஷிப்ட் சங்கு ஊதியது. நீளமாக, மூச்சு விடாமல் ஊதியது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

பாஸ் இன்னும் வரவில்லை. குழாயும் இன்னும் ஓடவில்லை. லேபர் ஆபீஸில் தேதி சொல்லியிருக்கிறார்கள், வாசலில் இன்றும் ஆட்கள் நிற்கிறார்கள். அந்த டாக்டர் பெண்ணுக்கு ஆராய்ச்சியிலும் பயிற்சியிலும் இருந்த இரண்டு நாற்காலியும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நேரமாகிறது என் செல்வங்களே, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு புகையாமல் எரியட்டும். தூங்குகிற பிள்ளைகளின் நெஞ்சு சீராக ஏறி இறங்கட்டும். உங்கள் மூச்சை விலை பேசுகிறவன் உங்கள் வாசலில் தோற்றுப் போகட்டும். நீங்கள் நிற்கிற இடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொருத்தர் நிற்கட்டும்.